மூன்று முறை கட்டிய வண்டி

பழைய பெயிண்ட் அப்பிய இரும்புக் குழாயின்மேல் கேஸ் நெருப்பு படும்போது ஒரு வாடை எழும். தொண்டையின் பின்பக்கத்தில் போய்க் கசப்பாக ஒட்டிக்கொண்டு, சோறு தின்னும்போதும் போகாமல் அங்கேயே இருக்கும். நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில், கோழிப்பண்ணைகள் சூழ்ந்த எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி எருவின் வாடையையும் அமுக்கிக்கொண்டு அந்த வாடைதான் நிற்கும். இன்றைக்கும் ஏதாவது ஒரு பட்டறையைக் கடந்து போகும்போது அது மூக்கில் ஏறினால், பேருந்தின் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தார். அம்மா பக்கத்துப் பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போவாள். வீட்டுக்குப் பின்னால், எருமைகளை விற்றபிறகு காலியாகக் கிடந்த தகரக்கூரைக் கொட்டகை ஒன்று இருந்தது. நாங்கள் அதைச் 'சாளை' என்போம். அப்பா அதில்தான் அண்ணனுக்காக ஒரு மோட்டார் சைக்கிள் கட்டினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. ஒரே வண்டியைப் பிரித்துப் பிரித்து. என் சிறுவயது முழுவதும் அந்த வண்டி கட்டி முடியாமலேயே இருந்தது.

அண்ணன் பெயர் பிரபு. என்னைவிட மூன்று வயது மூத்தவன்; தங்கை என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவான். ஆரம்பப் பள்ளியிலேயே குதிகாலை ஊன்றாமல் நடப்பான். 'எக்கி எக்கி நடக்கறான்' என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். ஓடினால் விழுவான், விழுந்தால் இரண்டு கைகளாலும் தொடையை உந்தித்தான் எழுந்து நிற்பான். சத்துக் குறைவு என்று ஊரில் சொன்னார்கள். அம்மா பண்ணையில் கழித்துவிடும் கீறல் முட்டைகளை வாங்கிவந்து தினமும் அவித்துக் கொடுத்தாள். கெண்டைக்கால் மட்டும் தடித்ததே தவிர வலு ஏறவில்லை. சேலத்தில் காட்டினோம், அவர்கள் கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கோயம்புத்தூர் டாக்டர் பொறுமையான மனிதர். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் நோய் இது என்றும், முதலில் கால், பிறகு கை, முதுகு, கடைசியில் மூச்சு என்று போகும் என்றும், மருந்து இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார். தாய்வழியாக வருவது, பெண்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ஆண்பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்றும் சொன்னார். எங்கள் உறவுக்காரர்கள் அவர் சொன்ன மற்றதையெல்லாம் மறந்துவிட்டு இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நேராகச் சாளைக்குப் போய், அதில் கிடந்த விறகையும் பழைய தீவனச் சாக்குகளையும் எடுத்து வெளியே போட ஆரம்பித்தார்.

அண்ணனுக்குப் பைக் என்றால் உயிர். சாலையோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று சொல்லிவிடுவான். 'ஒரு மூணு சக்கர ஸ்கூட்டருக்கு எழுதிப் போடுங்க' என்று மாமா ஒருவர் யோசனை சொன்னபோது அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

"அது நொண்டி வண்டிங்கப்பா. எனக்குப் பைக்குதான் வேணுமுங்க."

"செஞ்சர்லாம் சாமி," என்றார் அப்பா. அவ்வளவுதான்.

காயலான் கடையிலிருந்து ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியின் எலும்புக்கூட்டை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டேங்கில் ஓட்டை, சீட்டே கிடையாது, என்ஜின் மட்டும் கெட்டுப்போகாமல் இருந்தது. அதன் சேஸிஸை நடுவில் அறுத்து, உட்கார்ந்தால் அண்ணனின் இரண்டு பாதங்களும் தரையில் படும்படி தாழ்த்தி ஒட்டினார். காலால் போடும் கியரை ஒரு நீளக் கம்பி வைத்துக் கைக்குக் கொண்டுவந்தார். கால் பிரேக்கும் கைக்கு வந்தது. சாயாமல் இருக்கப் பின்னால் இருபுறமும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் வைக்கவேண்டியிருந்தது. அவை வெளியே தெரியக்கூடாது என்று அண்ணன் பிடிவாதம் பிடித்ததால், தொலைதூரம் போகிறவர்கள் மாட்டுவார்களே, அப்படி இரண்டு தகரப் பெட்டிகளைச் செய்து சக்கரங்களை அவற்றுக்குள் ஒளித்தார். அண்ணன் சாளை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹேண்டில் இன்னும் உயரமாக வேண்டும், சைலன்ஸர் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவன் சொன்னதையெல்லாம் அப்பா செய்தார். பட்டறை வேலை போக ஞாயிறும் சில சாயங்காலங்களும்தான் கிடைத்தன. செய்ததில் திருப்தி வராமல் அறுத்து அறுத்து மறுபடி ஒட்டவும் செய்தார். ஒரு மாங்காய்ப் பருவத்தில் தொடங்கியது அடுத்த மாங்காய்ப் பருவமும் தாண்டித்தான் முடிந்தது.

கடலை பறித்து முடித்த காட்டில் அதை ஓட்டினோம். அப்பா உதைத்து ஸ்டார்ட் செய்துகொடுத்தார். அண்ணன் கியரைத் தள்ளினான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுக் கிளம்பியது. அதுவரை வாழ்நாளில் யாரையும் முந்தியிராதவன் அவன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் பையையும் அவன் பையையும் நான்தான் சுமப்பேன், அவன் பின்னால் தடுமாறி வருவான். அன்றைக்கு நான் அவனுக்குப் பின்னால் ஓடினேன், பிடிக்க முடியவில்லை. "அம்மிணி, வா பாக்கலாம்! வா பாக்கலாம்!" என்று திரும்பித் திரும்பிக் கத்தினான். வேலையிலிருந்து வந்த அம்மா வரப்பில் நின்று, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பார்த்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த மழை வரைக்கும்கூட நீடிக்கவில்லை. வண்டியைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நோய் காலை விட்டுக் கைக்கு ஏறியிருந்தது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. ஒருநாள் காட்டின் ஓரத்தில் திருப்பும்போது பிரேக்கை அழுத்த விரல்களுக்கு வலு போதவில்லை. வண்டி போய்ப் பனைமரத்தில் மோதிச் சாய்ந்தது. கால் அடியில் மாட்டி எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது அண்ணனால் நிற்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் நிற்கவே இல்லை. விழாமல் இருந்திருந்தாலும் அதிகம் போனால் ஒரு வருடம் நடந்திருப்பான், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதலை அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை.

"ஒரு வருசம் நடந்திருப்பானில்லீங்க? பள்ளிக்கூடத்துக்கு அவனே நடந்து போயிருப்பான். கக்கூசுக்கு அவனே போயிருப்பான். அந்த ஒரு வருசத்தை இனி யாருங்க குடுப்பா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் கேட்கக் கேட்டாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் அப்பா சாளைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி அந்த வாடை வந்தது. இந்த முறை அண்ணன் ஓட்டவேண்டிய வண்டி அல்ல. வண்டியின் இடப்பக்கத்தில் ஒரு தொட்டியைப் பிணைத்து, அதில் அண்ணனை உட்காரவைத்து அப்பாவே ஓட்டிக்கொண்டு போவது. லாரி டிரைவர் சீட்டு ஒன்றை அளவாக வெட்டித் தொட்டிக்குள் பொருத்தினார். முன்னால் காற்று தடுக்கக் கண்ணாடி வைத்தார். மழைக்கு மடக்கும் கூரைகூட இருந்தது. நின்றுபோன பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போகலாம் என்று அண்ணனிடம் சொன்னார். அவன் "சரிங்கப்பா" என்றான். முன்போல ஹேண்டிலைப் பற்றியோ சைலன்ஸரைப் பற்றியோ அவன் எதுவும் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அது முடிவதற்குள் அவன் முதுகு வளைந்துவிட்டிருந்தது. நேராக நிமிர்ந்து உட்காரும் ஒருவனுக்காக வெட்டிய சீட்டில், ஒருபக்கமாகச் சரிந்த உடம்பைத் தலையணைகள் வைத்து அடைத்து உட்காரவைத்தோம். முதல் சவாரி காவிரி வரைக்கும் என்று முடிவாயிற்று. அப்பா ஓட்டினார், நான் பின்சீட்டில், அண்ணன் தொட்டியில். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் இந்த விசித்திர வண்டியைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்துக் கையசைத்தார், அண்ணன் சிரித்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியதும் அண்ணனின் தலை பின்பக்கமாகச் சாய்ந்து சீட்டின் விளிம்புக்கு வெளியே தொங்கிவிட்டது. அதைத் திரும்பத் தூக்க அவன் கழுத்தால் முடியவில்லை. வானத்தைப் பார்த்தபடி, வாய் திறந்தபடி, சத்தமில்லாமல் கிடந்தான். நான் கத்தினேன். அப்பா நிறுத்தி ஓடிவந்து தலையை எடுத்து நிமிர்த்தினார். ஆறு அங்கிருந்து தெரிந்தது. ஆனால் வண்டியைத் திருப்பினோம். வீடு வரைக்கும் நான் பின்சீட்டிலிருந்து சாய்ந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அப்பா நடக்கிற வேகத்தில் ஓட்டினார்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அம்மா கேட்டா நல்லா இருந்துச்சுன்னு சொல்லிரு. அப்பாகிட்டயும் அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். அடுத்த ஞாயிறே தொட்டியைப் பிரித்தார். இனி உட்காரும் சீட்டு வேண்டாம், சாய்ந்து படுக்கிறமாதிரி மெத்தை, தலைக்கு இரண்டு பக்கமும் தாங்கு, நெற்றிக்கு ஒரு பட்டை, அதிர்வு தெரியாமல் இருக்கத் தனியாக ஸ்பிரிங். இப்போது ஞாயிறு மட்டும் இல்லை. வேலை விட்டு வந்ததும் டீயைக் குடித்துவிட்டுச் சாளைக்குப் போய்விடுவார். வீட்டுக்குள் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அம்மாவும் நானும்தான். ஒரு சாயங்காலம் அம்மா சாளை வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க, அந்த இரும்பைக் கட்டிக்கிட்டு அழுவறதை விட்டுட்டு ஊட்டுக்குள்ள வந்து பையன்கிட்ட சித்த உக்காருங்க. அவனுக்கு வண்டி வேண்டாம்."

"முடிஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சந்தான்," என்றார் அப்பா, குனிந்த தலை நிமிராமல்.

"எப்பவுமே இன்னும் கொஞ்சந்தான்."

அவரால் அந்த அறைக்குள் உட்கார முடியவில்லை என்று இப்போது புரிகிறது. உள்ளே வந்தால் கதவுப் பக்கத்திலேயே நிற்பார். "என்ன சாமி?" என்பார். "ஒண்ணுமில்லீங்கப்பா," என்பான் அண்ணன். இரண்டு பேருக்கும் அதற்குமேல் பேச்சு ஓடாது. அப்பாவின் கண் அண்ணனின் முதுகையும் கழுத்தையும் அளந்துகொண்டிருக்கும். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் வெளியே போய்விடுவார். சற்றைக்கெல்லாம் இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் சத்தம் கேட்கும். அண்ணன் படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள், எந்தக் கோபமும் இல்லாமல், "அந்த வண்டி எனக்கில்ல அம்மிணி, அது அவருக்கு. செய்யட்டும் விடு," என்றான்.

மார்கழிக் குளிரில் அவனுக்குச் சளி பிடித்தது. இரும ஆள் வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு இருமலுக்கும் எங்கள் முகத்தைப் பார்ப்பான். நெஞ்சை அழுத்திக்கொடுத்தால்தான் சளி வரும். நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா அங்கேயே இருந்தாள். ஒரு காலையில் அப்பா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். துணியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, பேருந்துக்கு நேரம் இருக்கிறது என்று சாளைக்குள் போனார். தலைத் தாங்கின் விளிம்பு கூராக இருந்ததாம், அதைத் தேய்த்துவிட்டுப் போகலாம் என்று.

வீட்டில் இருந்த போனை நான்தான் எடுத்தேன். அம்மா என் பெயரைச் சொன்னாள், பிறகு "அப்பாவைக் கூப்பிடு" என்றாள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சாளைக்கு ஓடினேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார், பொறி பறந்துகொண்டிருந்தது. "அப்பா" என்று கூப்பிட்டேன், கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கிட்டே போய்த் தொட்டால் பதறிக் கையை வெட்டிக்கொள்வார் என்று பயம். சுவரில் இருந்த ஸ்விட்சைப் போய் அணைத்தேன். சத்தம் இறங்கி இறங்கி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அவர் மேலே விளக்கைப் பார்த்தார், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் திரும்பி என்னைப் பார்த்தார். கிரைண்டரைத் தரையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அவர் அந்த வண்டியை முடித்தார். யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மெத்தைக்கு ரெக்சின் தைத்துப் போட்டார், நீல பெயிண்ட் அடித்தார், ஒரு சாக்கால் மூடி வைத்தார். 'மூளை கலங்கிருச்சு பாவம்' என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மா அந்தப் பக்கம் விறகெடுக்கக்கூடப் போகவில்லை.

எப்படியோ வண்டியைப் பற்றிய செய்தி பரவி, ராசிபுரம் பக்கத்திலிருந்து தறி ஓட்டும் ஒருவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சிறு பையன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகால் ஊன்றாமல் உள்ளே நடந்து வந்தான். அம்மா அவன் கால்களைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கொஞ்சம் மாற்றினால் தன் மகனுக்கு ஆகுமா என்று கேட்டார்.

அப்பா வெகுநேரம் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துட்டுப் போங்க. ஒண்ணும் தர வேண்டாம். ஆனா மாத்திக்கிட்டே இருக்காதீங்க. நீங்க மாத்தி முடிக்கறதுக்குள்ள அவன் மாறிருவான். அந்த நேரத்துக்குப் பையன்கிட்ட உக்காருங்க," என்றார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் ஒரு மினிலாரியில் வண்டி போனது. அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ராசிபுரத்துக்காரர் போன் செய்தார். பையன் போய்விட்டான். துக்கம் விசாரிக்க அப்பாவும் நானும் போனோம். தறிச் சத்தத்துக்கு நடுவில், பையனின் கட்டில் கிடந்த அறையிலேயே எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வண்டியை அதிகம் எடுக்கவில்லை, துருவேறி நின்றது, போன வருடம்தான் பழைய இரும்புக்குப் போட்டேன், மன்னிச்சுக்குங்க என்றார். அப்பா அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை.

"நீங்க சொன்னாப்பல கூடவே உக்காந்திருந்தேனுங்க. கடைசி வரைக்கும்," என்றார் அவர்.

அப்பா சற்று முன்னால் சாய்ந்தார். "என்னங்க பேசுவீங்க ரெண்டு பேரும்?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசறதுக்கு என்னங்க இருக்குது. ஒண்ணும் பேசமாட்டோம். டி.வி. பாப்போம்," என்றார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

திரும்பி வரும்போது அப்பா பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

இப்போது நான் சேலத்தில் ஒரு துணி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அந்த நோயின் கூறு எனக்குள்ளும் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது; பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அம்மா போய் ஓராண்டுக்கு மேலாகிறது. கடைசி வரைக்கும் எல்லாம் தன்னால் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், வேறுவிதமாக அவளை நம்பவைக்க யாராலும் முடியவில்லை. சாளை இருந்த இடத்தைப் பின்பக்கத்துச் சாலையை அகலப்படுத்த எடுத்துக்கொண்டார்கள். கடலைக்காட்டில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். வண்டியை யாரும் போட்டோ எடுக்கவில்லை. அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களில் நானும் அப்பாவும் மட்டும்தான் மீதி. அப்பாவுக்கோ வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டுக் கண் பாதிக்குமேல் போய்விட்டது.

மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகிறேன். முன்னறையில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். அதில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை, மாற்றவும் மாட்டார். நான் சோறாக்கி வைத்துவிட்டு, வீட்டைக் கூட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு "போயிட்டு வாரேனுங்கப்பா" என்பேன். போன மாதம், நான் செருப்பை மாட்டிய பிறகு, சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, "பஸ்ஸு இன்னும் இருக்குதில்ல? சித்த உக்காரு அம்மிணி," என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.